அலங்கார செரிஃப் ஃபான்ட் காலை வாரும்போது: கோளாறு வாரியாகச் சரிசெய்யும் வழி

அழைப்பிதழுக்கோ பிராண்டுக்கோ அலங்கார செரிஃப் ஃபான்ட் (கோட்டு முனைகளில் சின்னக் கால்கள் வைத்த எழுத்து) ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் திரையில் பெரிதாக்கிப் பார்க்கும்வரை எல்லாம் அழகாகத்தான் இருக்கும். புரூஃப் (மாதிரி அச்சு) கைக்கு வந்ததும் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். மெல்லிய கோட்டைக் காணோம், தேதி கோணலாக நிற்கிறது, பெயரை யாராலும் வாசிக்க முடியவில்லை. உடனே "இந்த ஃபான்ட் சரியில்லை, மாற்று" என்று கிளம்பிவிடுவோம். மாற்றிய ஃபான்ட்டும் அதையே செய்யும். இவற்றில் பல கோளாறுகளுக்கு வேர் ஒன்றுதான்: கொட்டை எழுத்தில் நான்கைந்து சொற்களுக்காக வரைந்த வடிவத்தைப் பொடி எழுத்தில் முகவரிக்கும் போடுகிறோம். எந்த அளவுக்காக வரைந்தார்கள், நாம் எந்த அளவில் போட்டிருக்கிறோம் என்று பார்ப்பது முதல் வேலை. ஃபான்ட்டை மாற்றுவது கடைசி வேலை.

எதையும் தொடுவதற்கு முன் ஒரு சோதனை. வடிவமைப்பை நூறு சதவீத அளவில் அச்செடுங்கள். பிரிண்ட் பெட்டியில் 'ஃபிட்' என்று இருந்தால் 'ஆக்சுவல் சைஸ்' என்று மாற்றிக்கொள்ளுங்கள். சாதாரண லேசர் பிரிண்டர் போதும். கையை நீட்டிப் பிடித்துப் படியுங்கள். எந்த வரியில் கண் தடுக்குகிறதோ அதைப் பென்சிலால் வட்டமிடுங்கள். திரையில் 400 சதவீதத்தில் வைத்துக்கொண்டு எடுக்கிற முடிவுகள் செல்லாது. போனில் மட்டுமே போகிற அழைப்பிதழ் என்றால், படத்தைப் போனுக்கு அனுப்பிப் பெரிதாக்காமல் பாருங்கள். பிறகு உங்கள் கோளாறு எதுவோ அந்தப் பகுதிக்குப் போகலாம்.

## மெல்லிய கோடுகள் அச்சில் மறைந்துவிடுகின்றன

பொடோனி, டிடோ, பிளேஃபேர் டிஸ்ப்ளே மாதிரியான ஃபான்ட்களில் இது அதிகம். தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் இருக்கிற பெரிய வித்தியாசம்தான் இவற்றின் அழகே. சிறிய அளவில் அதுவே எமன்.

கணக்குப் போட்டால் பிடிபடும். எழுத்தைப் பெரும்பாலும் 1000 அலகுகள் கொண்ட சட்டத்துக்குள் வரைகிறார்கள். மெல்லிய கோடு அதில் 20 அலகு என்று வைத்துக்கொள்வோம். 60 பாயின்ட்டில் (பாயின்ட் என்பது எழுத்தளவைச் சொல்லும் அலகு) அந்தக் கோடு 1.2 பாயின்ட் தடிமன், கம்பீரமாக நிற்கும். 12 பாயின்ட்டில் 0.24. 8 பாயின்ட்டில் 0.16, அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குதான், கொஞ்சம் கூட. கோடு 0.25 பாயின்ட்டுக்குக் கீழே போகவேண்டாம் என்பது அச்சகங்களில் பொதுவாகச் சொல்கிற வரம்பு. அதற்குக் கீழே போனால் என்ன ஆகும் என்பதை ஒரு லென்ஸ் வைத்துப் பார்த்தாலே தெரியும். ஆங்கிலப் பெரிய எழுத்து 'எச்' நடுக்கோடு இல்லாமல் இரண்டு தூண்களாக நிற்கும். 'என்' எழுத்தின் இரு பக்கத் தூண்களும் மெல்லியவை, குறுக்கே போகிற சாய்கோடுதான் தடித்தது. ஆகவே தூண்கள் கரைந்து வெறும் சாய்கோடு மிஞ்சும்.

உலோக அச்சுக் காலத்தில் இந்தத் தொல்லை இந்த அளவுக்கு இல்லை. ஒவ்வொரு அளவுக்கும் எழுத்தைத் தனித்தனியாக வெட்டினார்கள். சிறிய அளவுக்கான அச்சில் மெல்லிய கோட்டைக் கொஞ்சம் தடிப்பாக்கி, எழுத்துகளுக்கிடையே இடமும் கூட்டிவிடுவார்கள். கணினிக்கு வந்தபோது ஒரே வரைபடத்தை எல்லா அளவுக்கும் இழுத்துக்கொள்ளலாம் என்று ஆனது. வினை அங்கேதான் ஆரம்பம். அதை உணர்ந்து வரைந்தவர்களும் உண்டு. 1994-இல் வந்த ஐடிசி பொடோனி 6, 12, 72 பாயின்ட்டுகளுக்கு மூன்று தனி வரைவுகளாக வந்தது. ஹார்ப்பர்ஸ் பஜார் இதழுக்காக ஜோனதன் ஹோஃப்லர் வரைந்த டிடோவில் ஏழு அளவுகள். இதைத்தான் இப்போது ஆப்டிகல் சைஸ் என்கிறார்கள்.

சரிசெய்யும் வழிகளை இந்த வரிசையிலேயே முயன்று பாருங்கள்.

முதலில், உங்கள் ஃபான்ட்டுக்கு ஆப்டிகல் சைஸ் இருக்கிறதா என்று தேடுங்கள். பெயரோடு 'டெக்ஸ்ட்', 'கேப்ஷன்', 'டிஸ்ப்ளே' என்ற ஒட்டு இருந்தால் அது அளவைச் சொல்கிறது. 'டிஸ்ப்ளே' என்று பெயரிலேயே எழுதி வைத்ததை முகவரி வரிக்குப் போட்டுவிட்டுப் பிறகு குறைசொல்வது நியாயமில்லை. இலவசமாகக் கிடைப்பவற்றில் பொடோனி மோடா ஒரு வேரியபிள் ஃபான்ட், அதாவது ஒரே ஃபைலுக்குள் வடிவத்தை நகர்த்தி மாற்றிக்கொள்ளலாம். ஆப்டிகல் சைஸ் 6 முதல் 96 வரை நகரும். இணையப் பக்கத்தில் பிரவுசரே அளவுக்கேற்பத் தேர்ந்துகொள்ளும். வடிவமைப்பு மென்பொருளில் சில சமயம் நீங்களே ஸ்லைடரை நகர்த்த வேண்டியிருக்கும்.

அது இல்லையென்றால் வேலையைப் பிரித்துக்கொடுங்கள். பெயர்கள், தலைப்பு மட்டும் அலங்கார ஃபான்ட்டில். 14 பாயின்ட்டுக்குக் கீழே வருகிற எல்லாவற்றுக்கும் கோடுகளில் அவ்வளவு வித்தியாசம் இல்லாத இன்னொரு செரிஃப். லிப்ரே பாஸ்கர்வில் மாதிரி உரைக்காகவே வரைந்தது ஒன்று போதும். என்னைக் கேட்டால், வேறு எதையும் செய்யாமல் இதை மட்டும் செய்தாலே முக்கால்வாசி அழைப்பிதழ்கள் தேறிவிடும்.

ஒரே ஃபான்ட் குடும்பம்தான் வேண்டும் என்றால் எடையை, அதாவது கோட்டின் தடிமனை, ஏற்றுங்கள். கார்மொரன்ட் இதற்கு நல்ல உதாரணம். அதன் 'லைட்' திரையில் பெரிதாக இருக்கும்போது மயக்கும். சிறிய எழுத்தில் 'மீடியம்' அல்லது 'செமிபோல்டு' போட்டால்தான் 'லைட்' போலவாவது தெரியும். அதன் சிற்றெழுத்துகளின் உடல் உயரமும் குறைவு. அதனால் 11 பாயின்ட் கார்மொரன்ட், மற்ற ஃபான்ட்களின் 9 பாயின்ட் போலத்தான் இருக்கும். எண்ணைப் பார்க்காமல் கண்ணால் பார்த்து அளவை வையுங்கள்.

கடைசி மருந்து, எழுத்தைச் சுற்றி அதே நிறத்தில் 0.1 பாயின்ட் ஸ்ட்ரோக் (விளிம்புக்கோடு). கோட்டின் இரு பக்கமும் சேர்ந்து கொஞ்சம் தடிக்கும். அவசரத்துக்கு மட்டும் உதவும். அதற்கு மேல் போனால் உட்குழிவுகள் அடைத்து எழுத்து வீங்கிப்போகும்.

காகிதத்தையும் மறக்கவேண்டாம். ஆங்கிலேய அச்சாளர் ஜான் பாஸ்கர்வில் 1757-இல் தன் முதல் புத்தகத்தை வெளியிட்டபோது புது எழுத்து மட்டும் செய்யவில்லை. நல்ல கருமையான மை தயாரித்தார், அச்சான தாளைச் சூடான உலோகத் தகடுகளுக்கிடையே அழுத்தி வழவழப்பாக்கினார். மெல்லிய கோடு நிற்க வழவழப்பான தளம் வேண்டும் என்பது அப்போதே தெரிந்த விஷயம். சொரசொரப்பான பருத்தித் தாளையும் டிடோவையும் ஒருசேர விரும்புகிறவர்கள் இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்.

## கறுப்புப் பின்னணியில் எழுத்து அடைத்துக்கொள்கிறது

இங்கே எழுத்து அச்சாவதில்லை. சுற்றியுள்ள மைதான் அச்சாகிறது. மை சற்றே பரவினால் மெல்லிய கோட்டை இரு பக்கமும் விழுங்கிவிடும். பின்னணி நான்கு நிறம் சேர்ந்த கறுப்பு என்றால் இன்னும் மோசம், ஏதாவது ஒரு நிறம் மயிரிழை நகர்ந்தாலும் கோடு நிரம்பிவிடும். எடையை ஒரு படி ஏற்றுங்கள், டிராக்கிங்கை (எழுத்துகளுக்கிடையே உள்ள பொது இடைவெளியை) 10 முதல் 20 வரை கூட்டுங்கள், கோடு அரை பாயின்ட்டுக்குக் குறையாமல் பாருங்கள்.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து, ஆனால் ஓரத்தில் சிவப்போ நீலமோ கசிந்தாற்போல் ஒரு நிழல். திரைக்கான ஆர்ஜிபி கறுப்பு, அச்சுக்கான சிஎம்ஒய்கே-க்கு மாறும்போது நான்கு மைகளாகப் பிரிந்ததே காரணம். சிறிய எழுத்துகளுக்குக் கறுப்பு மை மட்டும் 100, மற்ற மூன்றும் பூஜ்யம் என்று வையுங்கள்.

ஃபாயில் (தங்க, வெள்ளி நிறப் படலம்) போடுவதாக இருந்தால் இரட்டிப்புக் கவனம். படலம் சூட்டில் ஒட்டும்போது விளிம்பு கொஞ்சம் பரவும். ஆங்கிலச் சிற்றெழுத்து 'ஈ', 'ஏ' இரண்டின் சின்னக் குழிகள் முதலில் மூடிக்கொள்ளும். கோடு மட்டுமல்ல, கோடுகளுக்கிடையே உள்ள இடைவெளியும் போதுமான அகலம் இருக்கவேண்டும். குறைந்தபட்சத் தடிமன் என்ன என்று அச்சகத்தில் கேட்டுவிட்டு வடிவமைப்பைத் தொடங்குவது, வரைந்து முடித்துவிட்டு வாதாடுவதைவிட எளிது.

## தேதியில் எண்கள் மேலும் கீழுமாக நிற்கின்றன

கெட்டுப்போன ஃபைல் என்று பயப்படவேண்டாம். அவை ஓல்ட் ஸ்டைல் எண்கள். 0, 1, 2 மூன்றும் குள்ளமாக, சிற்றெழுத்தின் உயரத்தில் இருக்கும். 3, 4, 5, 7, 9 கோட்டுக்குக் கீழே இறங்கும். 6, 8 இரண்டும் மேலே ஏறும். ஓடுகிற உரைக்குள் ஆண்டு எண் உறுத்தாமல் கலந்துபோக வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட வடிவம் அது. பிளேஃபேர் டிஸ்ப்ளேயும் ஜார்ஜியாவும் இயல்பாகவே இதைத்தான் தரும்.

அழைப்பிதழில் தேதி தனி வரியில், பெரும்பாலும் பெரிய எழுத்துகளுக்குப் பக்கத்தில் வருகிறது. 20.12.2021 என்று போட்டுப் பாருங்கள். எல்லாமே 0, 1, 2. மொத்தத் தேதியும் குள்ளமாகப் போய், பக்கத்தில் உள்ள மாதப் பெயர் அண்ணாந்து நிற்கும். 9.7.1974 என்று போட்டால் முக்கால்வாசி எண்கள் கீழே தொங்கி அடுத்த வரியைத் தொடும். போன் எண்ணுக்கோ கேட்கவே வேண்டாம், கடல் அலைதான்.

இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன் இரண்டிலும் ஓப்பன்டைப் வசதிகளில் (ஃபான்ட்டுக்குள் இருக்கும் மாற்று வடிவங்களைத் தேர்ந்தெடுக்கும் இடம்) 'லைனிங்', அதாவது ஒரே உயர எண்களைத் தேர்ந்தெடுங்கள். வேர்டில் ஃபான்ட் பெட்டியைத் திறந்து 'அட்வான்ஸ்டு' பக்கத்தில் 'நம்பர் ஃபார்ம்ஸ்' என்பதை 'லைனிங்' ஆக்குங்கள். பிளேஃபேரில் இது உடனே வேலைசெய்யும். சில ஃபான்ட்களில் மாற்று எண்களே இருக்காது. அங்கே எண்களுக்கு மட்டும் வேறு ஃபான்ட்டைத்தான் நாடவேண்டும். உரைக்கு வைத்த துணை ஃபான்ட்டிலிருந்தே எண்களை எடுத்து, அளவை அரை பாயின்ட் கூட்டிக் குறைத்துப் பொருத்தலாம்.

## விளம்பரப் படத்தில் இருந்த சுழிகள் என் கணினியில் வரவில்லை

ஃபான்ட் விற்கிற பக்கத்தில் பெயரின் முதல் எழுத்து கொடிபோல் வளைந்து ஓடும். நீங்கள் தட்டச்சு செய்தால் மொட்டையான எழுத்து வரும். ஃபான்ட்டில் சுழிகள் இருக்கின்றன, ஆனால் தானாக வராது. ஓப்பன்டைப் ஃபான்ட்டுக்குள் ஒரே எழுத்துக்குப் பல வடிவங்கள் இருக்கலாம்; எது வேண்டும் என்று நீங்கள் சொல்லவேண்டும்.

இல்லஸ்ட்ரேட்டரில் விண்டோ, டைப், கிளிஃப்ஸ் என்று போனால் மொத்த வடிவங்களும் கட்டம் கட்டமாகத் தெரியும். எழுத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு வேண்டிய வடிவத்தை இருமுறை கிளிக் செய்யுங்கள். இங்க்ஸ்கேப்பில் எழுத்துப் பெட்டியின் 'ஃபீச்சர்ஸ்' பக்கத்தில் பார்க்கலாம். வேர்டில் 'ஸ்டைலிஸ்டிக் செட்ஸ்' என்று ஒரு பட்டியல் உண்டு. ஃபான்ட்டை வரைந்தவர் சுழிகளை அந்தத் தொகுப்புகளில் வைத்திருந்தால் கிடைக்கும்.

கிளிஃப் பலகையே இல்லாத எளிய கருவியில் வேலைசெய்கிறீர்கள் என்றால், ஃபான்ட் விவரத்தில் 'பியூஏ என்கோடெட்' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். யூனிகோடில் யாருக்கும் ஒதுக்காத, தனிப் பயன்பாட்டுக்கு விட்டுவைத்த பகுதியில் அந்தச் சுழிகளுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். விண்டோஸின் கேரக்டர் மேப்பிலோ மேக்கின் ஃபான்ட் புக்கிலோ அந்த ஃபான்ட்டைத் திறந்து, வேண்டிய சுழியை நகலெடுத்துக் கருவியில் ஒட்டலாம். ஒட்டியதும் வெறும் கட்டம் தெரிந்தால் கலங்காதீர்கள். அந்த இடத்துக்கும் அதே ஃபான்ட்டைக் கொடுத்ததும் சுழி வந்துவிடும்.

இந்த வழிக்கு ஒரு விலை உண்டு. அப்படி ஒட்டியது கணினிக்கு எழுத்தே இல்லை. ஃபான்ட்டை மாற்றினால் கட்டமாகிவிடும், தேடினால் கிடைக்காது, திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள் அந்தப் பெயரைச் சொல்லாது. படமாகவோ அச்சாகவோ போகிற அழைப்பிதழுக்குப் பரவாயில்லை. இணையப் பக்கத்தில் பிராண்ட் பெயரை இப்படி எழுதிவைப்பது கூடாது.

ஒன்று கவனித்திருக்கலாம். எழுத்திடைவெளியைக் கூட்டியதும் அழகாக ஒட்டியிருந்த 'எஃப்ஐ' போன்ற கூட்டெழுத்துகள் பிரிந்துவிடும். அது வேண்டுமென்றே செய்திருக்கிற ஏற்பாடு. மற்ற எழுத்துகள் விலகி நிற்கும்போது இரண்டு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தால் விகாரமாக இருக்கும். விட்டுவிடுங்கள்.

## பெயரை வாசிக்க முடியவில்லை

பெயருக்கு உரியவருக்கு இது தெரியவே தெரியாது. தன் பெயரை எப்படி வளைத்து எழுதினாலும் அவருக்குப் புரியும். அதனால் அவர் "சூப்பர்" என்றால் சோதனை முடிந்துவிடவில்லை. அந்தப் பெயரையே கேள்விப்படாத ஒருவரிடம் காட்டி உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் கீழே உள்ளவற்றில் ஏதோ ஒன்று.

சுழி வைத்த பெரிய எழுத்துகளிலேயே முழுப் பெயரையும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வடிவங்களை ஒரு சொல்லுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் வரைந்திருப்பார்கள். பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் ஒன்றின் வால் இன்னொன்றின் வயிற்றில் குத்தும். முழுவதும் பெரிய எழுத்தில்தான் வேண்டும் என்றால் அதற்கென்றே வரைந்த ஃபான்ட்டுக்குப் போங்கள். ட்ரேஜன் ஃபான்ட்டை 1989-இல் கரோல் ட்வாம்ப்ளி, ரோமில் உள்ள ட்ரேஜன் தூணின் கல்வெட்டு எழுத்தைப் பார்த்து வரைந்தார். அந்தக் கல்வெட்டில் சிற்றெழுத்தே இல்லை, ஆகவே ஃபான்ட்டிலும் இல்லை. இலவசமாக வேண்டுமானால் சின்செல் அதே வழியில் வந்தது.

சிற்றெழுத்தில் 'ஆர்', 'என்' இரண்டும் நெருங்கி நின்று 'எம்' ஆகிவிடுகிறதா என்றும் பாருங்கள். சி-டி, எஸ்-டி (ct, st) எழுத்துகளை மேலே வளைவு போட்டு இணைக்கிற பழங்காலக் கூட்டெழுத்துகள் தலைப்பில் இருக்கலாம், ஆள் பெயரில் வேண்டாம். 'டிஸ்க்ரீஷனரி லிகேச்சர்ஸ்' என்பதை அணைத்துவிடுங்கள்.

அலங்காரத்தை எங்கேயாவது கொட்டியே ஆகவேண்டும் என்று கை பரபரத்தால், இரு பெயர்களுக்கு நடுவே வருகிற & குறியில் கொட்டுங்கள். பெரும்பாலான செரிஃப் ஃபான்ட்களின் இட்டாலிக்கில் அந்தக் குறி பிரமாதமாக இருக்கும். எவ்வளவு வளைந்தாலும் அதை யாரும் தவறாக வாசிக்கப்போவதில்லை.

## "ஏதோ உறுத்துது" என்கிறார் வாடிக்கையாளர், எதுவென்று சொல்லத் தெரியவில்லை

இந்தப் புகார் பழையது. 1760 வாக்கில் ஒருவர், பாஸ்கர்வில்லின் மெல்லிய எழுத்து தேசத்தில் எல்லார் கண்ணையும் கெடுத்துவிடும் என்று பெஞ்சமின் ஃபிராங்க்ளினிடம் புலம்பினார். ஃபிராங்க்ளின் கேஸ்லான் என்ற வேறோர் எழுத்தின் மாதிரித் தாளில் இருந்த பெயரைக் கிழித்துவிட்டு, "இதுதான் பாஸ்கர்வில், எங்கே குறை காட்டுங்கள்" என்று நீட்டினார். அவரும் வரிவரியாகக் குறைகளை அடுக்கினார், தன் கண்ணுக்குப் பழகிய கேஸ்லான் அது என்று தெரியாமலேயே. இதை ஃபிராங்க்ளினே பாஸ்கர்வில்லுக்குக் கடிதமாக எழுதினார்.

ஆகவே ஃபான்ட் பெயரைச் சொல்லாமல் இரண்டு பிரதிகள் கொடுங்கள். இரண்டிலும் ஒரே ஒரு விஷயம்தான் வேறுபடவேண்டும்: ஒன்றில் வரியிடைவெளி கூடுதல், அவ்வளவுதான். அடுத்த முறை எடை. பல தடவை உறுத்தியது ஃபான்ட்டே அல்ல, நெருக்கிய வரிகள் என்று தெரியவரும்.

## எழுத்துகளுக்கு நடுவே ஓட்டை

பெரிய அளவில் போட்டால் கெர்னிங் (இரண்டிரண்டு எழுத்துகளுக்கிடையே சரிசெய்யும் இடைவெளி) குறை பட்டவர்த்தனமாகத் தெரியும். 'ஏ'யும் 'வி'யும் பக்கத்தில் வந்தால், பெரிய 'டி'க்குப் (T) பிறகு சிற்றெழுத்து 'ஓ' வந்தால், 'எல்'லுக்குப் பிறகு அதே 'டி' வந்தால் ஓட்டை விழும். வேர்டில் என்றால் முதலில் 'கெர்னிங் ஃபார் ஃபான்ட்ஸ்' என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் ஃபான்ட்டுக்குள் இருக்கும் கெர்னிங் கணக்கை வேர்ட் கண்டுகொள்ளாது.

அடோபி மென்பொருள்களில் 'மெட்ரிக்ஸ்', 'ஆப்டிகல்' என்று இரண்டு வழி: முன்னது ஃபான்ட்டுக்குள் இருக்கும் கணக்கைப் பின்பற்றும், பின்னது எழுத்தின் உருவத்தைப் பார்த்துத் தானே கணக்கிடும். நன்றாகச் செய்த ஃபான்ட்டுக்கு மெட்ரிக்ஸ் போதும். அவசரமாகச் செய்த இலவச ஃபான்ட்டுக்கு ஆப்டிகல் கைகொடுக்கும். சுழி வைத்த எழுத்துகளில் ஆப்டிகலை நம்பவேண்டாம், நீண்ட வாலையும் உடம்பாகக் கணக்கிட்டு அடுத்த எழுத்தைத் தள்ளிவிடும். அங்கே கையால்தான். சொல்லைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். அர்த்தம் மறைந்து வெள்ளை இடம் மட்டும் கண்ணில் படும்.

பெரிய எழுத்துகளில் எழுதிய வரிக்கு டிராக்கிங் 50 முதல் 100 வரை தாராளமாகக் கொடுக்கலாம். சிற்றெழுத்துக்கு அதையே செய்தால் சொல் சிதறிவிடும்.

## போல்டு போட்டதும் சேறாகிவிட்டது

ஃபான்ட்டில் போல்டு கிடையாது, மென்பொருள் தானே ஊதிப் பெருக்கிவிட்டது. அப்ரில் ஃபேட்ஃபேஸுக்கு ஒரே எடைதான். இணையப் பக்கத்தில் அதைத் தலைப்புக்குக் கொடுத்தால், தலைப்பு என்றாலே போல்டு என்று நினைக்கிற பிரவுசர் ஏற்கெனவே குண்டான எழுத்தை இன்னும் குண்டாக்கும். தலைப்பின் எடையை 400 (சாதாரண எடை) என்று குறிப்பிடுங்கள். ஃபோட்டோஷாப்பில் 'ஃபோ போல்டு', 'ஃபோ இட்டாலிக்' இரண்டும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். நிஜமான இட்டாலிக் தனியாக வரைந்தது, 'ஏ' எழுத்தின் வடிவமே வேறாக இருக்கும். வெறுமனே சாய்ந்து நின்றால் போலி.

## போனில் கலங்கல், லோகோ சிறிதானால் காணோம்

செயலி வழியாகப் படமாக அனுப்பினால் சுருக்கப்பட்டுத்தான் போகும். ஜேபிஜி சுருக்கம் மெல்லிய கோட்டைச் சுற்றிக் கொசு மொய்த்தாற்போல் புள்ளிகளை விடும். பிஎன்ஜி ஆகவோ பிடிஎஃப் ஆகவோ எடுத்து, 'டாக்குமென்ட்' என்று இணைத்து அனுப்புங்கள். எல்லாரும் அப்படி முன்னனுப்ப மாட்டார்கள் என்பதால், போனுக்கான பிரதியில் எடையை ஒரு படி ஏற்றிவிடுவதும் நல்லது.

லோகோ விஷயத்தில் சமாதானம் கிடையாது. அதே 20 அலகுக் கோடு, 16 பிக்சல் ஃபேவிகானில் (பிரவுசர் தாவலில் தெரியும் குட்டிப் படம்) 0.32 பிக்சல். திரை அதைச் சாம்பல் கறையாகத்தான் காட்டும். முழுப் பெயரைச் சுருக்காமல், முதல் எழுத்தை மட்டும் எடுத்து மெல்லிய கோடுகளைத் தடிப்பாக்கித் தனியாக வரைந்துகொள்ளுங்கள். பெரியது, நடுத்தரம், சிறியது என்று மூன்று பிரதிகள் வைத்திருப்பதை ஆடம்பரமாக நினைக்கவேண்டாம்.

## அச்சகத்தில் வேறு ஃபான்ட்டில் வந்திருக்கிறது

பிடிஎஃப்-க்குள் ஃபான்ட் பதியவில்லை. அக்ரோபாட் ரீடரில் ஃபைல், ப்ராப்பர்ட்டீஸ், ஃபான்ட்ஸ் என்று போய் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் 'எம்பெடெட்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாததுதான் குற்றவாளி. எழுத்தை அவுட்லைனாக (வெறும் வரைகோடாக) மாற்றி அனுப்பினால் பிரச்சினையே இல்லை: இல்லஸ்ட்ரேட்டரில் 'கிரியேட் அவுட்லைன்ஸ்', கோரல்டிராவில் 'கன்வெர்ட் டு கர்வ்ஸ்'. மாற்றுவதற்கு முன் திருத்தக்கூடிய பிரதி ஒன்றைத் தனியாகச் சேமியுங்கள். நேரம் மாறிவிட்டது என்று நள்ளிரவில் போன் வரும்.

## பக்கத்தில் உள்ள தமிழ் ஒட்டவில்லை

இரண்டு விதமாக வரும். முதலாவது இயந்திரக் கோளாறு: 'கெ' என்று எழுதினால் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், 'கொ' துண்டுதுண்டாகும். யூனிகோடில் கொம்பு மெய்க்குப் பின்னாலேயே சேமிக்கப்படுகிறது. முன்னால் கொண்டுவந்து காட்டுவது மென்பொருளின் வேலை. இன்டிசைனில் பாராகிராஃப் பலகையின் மெனுவில் 'வேர்ல்ட்-ரெடி' கம்போசரை (எழுத்துகளைக் கோத்து வரியாக்கும் பகுதி) தேர்ந்தெடுங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் பிரிஃபரன்ஸஸ், டைப் பகுதியில் 'இண்டிக்' தேர்வுகளைக் காட்டச் சொல்லி, பிறகு தெற்காசிய மொழிகளுக்கான கம்போசருக்கு மாற்றுங்கள். தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகத் தெரிந்தால், அது பாமினி போன்ற பழைய குறியீட்டில் அடித்த உரை. யூனிகோடுக்கு மாற்றி எடுங்கள்.

இரண்டாவது கண்ணுக்கான கோளாறு. ஆங்கில அலங்கார ஃபான்ட்டில் தமிழே இருக்காது, கணினி கைக்குக் கிடைத்த தமிழ் ஃபான்ட்டைப் போட்டுவிடும். ஒரே தடிமனில் ஓடுகிற அந்த எழுத்து, டிடோ பக்கத்தில் அரசு அறிவிப்பு மாதிரி நிற்கும். தமிழ் எழுத்துக்குச் செரிஃப் கால்களைத் தேடாதீர்கள், தடித்தும் மெலிந்தும் ஓடுகிற கோட்டைத் தேடுங்கள். நோட்டோ செரிஃப் தமிழ், டீரோ தமிழ் இரண்டிலும் அது உண்டு. அளவைக் கண்ணால் பொருத்துங்கள். ஒரே பாயின்ட் எண் இரண்டுக்கும் ஒரே உயரத்தைத் தராது. கி, கீ மேலே ஏறுவதாலும் கு, கூ கீழே இறங்குவதாலும் வரியிடைவெளி தமிழுக்குக் கூடுதலாக வேண்டும். ஆங்கிலப் பெரிய எழுத்துக்குக் கொடுத்த 100 டிராக்கிங்கைத் தமிழுக்கும் கொடுத்துவிட்டால் துணைக்கால் எழுத்தை விட்டு விலகி அனாதையாக நிற்கும், பூஜ்யமாக்குங்கள்.

## லோகோ வேறு யாருடையதோ மாதிரி இருக்கிறது

வேறொருவரும் அதே ஃபான்ட்டை அப்படியே தட்டச்சு செய்திருக்கிறார், அவ்வளவுதான். பிராண்டுகள் கூட்டம் கூட்டமாகத்தான் நகரும். ஆடை பிராண்டான பர்பெரி 2018-இல் செரிஃப்பைக் கைவிட்டது, 2023-இல் திரும்பி வந்தது. மென்மையான உருண்டை முனை செரிஃப்கள் திடீரென்று எங்கும் தெரிகின்றனவே, அவற்றின் மூதாதையான கூப்பர் பிளாக் 1922-லேயே வந்தது. ஃபான்ட்டை விடவேண்டியதில்லை. அவுட்லைனாக மாற்றி ஒரே ஓர் எழுத்தில் கைவையுங்கள்: ஒரு செரிஃப்பை வெட்டுங்கள், இரண்டு எழுத்துகளை இணையுங்கள், ஒரு வாலை நீட்டுங்கள். எல்லா எழுத்திலும் கைவைத்தால் ஃபான்ட்டை வரைந்தவரின் உழைப்பைக் கெடுத்த மாதிரிதான்.

ஆனால் உருவத்தை மாற்ற உரிமம் இடம்கொடுக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். 'பர்சனல் யூஸ்' என்று போட்ட ஃபான்ட்டில் வணிக லோகோ செய்யக்கூடாது. பிளேஃபேர் டிஸ்ப்ளே, கார்மொரன்ட், சின்செல் மூன்றும் ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸில் வருபவை: லோகோவுக்கும் அச்சுக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம், ஃபான்ட்டை மட்டும் தனியாக விற்கக்கூடாது. விலைகொடுத்து வாங்கியவற்றில் கணினிக்கு ஒன்று, இணையத்துக்கு ஒன்று, செயலிக்கு ஒன்று என்று தனித்தனி உரிமம் இருக்கலாம். ஃபான்ட் ஃபைலையே அச்சகத்துக்கு அனுப்புவதையும் பல உரிமங்கள் தடுக்கின்றன. உரிமக் கோப்பையும் ரசீதையும் லோகோ இருக்கிற அதே ஃபோல்டரில் போட்டுவையுங்கள். வாடிக்கையாளரிடம் வேலையை ஒப்படைக்கும்போது அவருக்கும் ஒரு நகல் போகட்டும்.